அக்டோபருக்கு ஒரு பேய் அட்டவணை: மூன்று புத்தகம், நான்கு படம்

முதன்முறை திட்டம் போட்டபோது, ஹாலோவீன் என்னும் மேல்நாட்டுப் பேய்த் திருநாளில் (31-ஆம் தேதி) முடியும் அக்டோபரின் 31 இரவுகளுக்கும் 31 திகில் படங்களை எழுதி வைத்தேன். பதினோராம் இரவு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். திரையில் யாரோ தொண்டை கிழிய அலறிக்கொண்டிருந்தார்கள். தினமும் கேட்டால் அலறலும் பக்கத்து வீட்டு மிக்சி சத்தம் போல ஆகிவிடுகிறது. இப்போது மூன்று புத்தகம், நான்கு படம் என்று நிறுத்திக்கொள்கிறேன். புதிதாகத் தொடங்குபவருக்கு இது தாராளம்.

படி 1: நாவலை நாட்காட்டியில் ஏற்றுங்கள்

மொத்தத் திட்டத்துக்கும் முதுகெலும்பு பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897). நாட்குறிப்பு, கடிதம், தந்தி என்றே நகரும் நாவல் இது. ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் தேதி உண்டு. மே 3-இல் தொடங்கும் குறிப்புகள் நவம்பர் 6 வரை ஓடுகின்றன. மொத்தம் 27 அத்தியாயங்கள். முதல் பதினேழைச் செப்டம்பரிலேயே படித்து முடித்துவிடுங்கள். பதினெட்டாம் அத்தியாயம் செப்டம்பர் 30-ஆம் தேதிக் குறிப்புடன் தொடங்குகிறது. அங்கிருந்து அந்தந்தத் தேதியின் குறிப்பை அந்தந்த நாளிலேயே படிக்க வேண்டும்.

முதல் வாரத்தில் பக்கங்கள் மிகுதி. அக்டோபர் 3-க்கு ஒரு மாலைப்பொழுதை முழுதாக ஒதுக்குங்கள். பிறகு நாவலே உங்களுக்கு விடுப்பு தருகிறது. டிராகுலா பிரபுவைத் துரத்துகிறவர்கள் வர்னா துறைமுகத்தில் அவன் கப்பலுக்காகக் காத்துக் கிடக்கிறார்கள். 17-ஆம் தேதிக்குப் பிறகு 24 வரை ஒரு வரிகூடக் கிடையாது. ஒரே மூச்சில் படிக்கிறவருக்கு அந்த ஒரு வாரம் ஒரு பத்தி இடைவெளி மட்டுமே. தேதிப்படி படிக்கிற நீங்களோ உண்மையாகவே ஒரு வாரம் காத்திருப்பீர்கள். நான் இந்த முறையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம்.

ஆங்கில மூலத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

படி 2: முதல் வாரக் கடைசியில் ஒரு மௌனப்படம்

முர்னாவ் இயக்கிய 'நொஸ்ஃபெராட்டு' (1922), டிராகுலா கதையை உரிமை வாங்காமல் எடுத்த ஜெர்மானியப் படம். ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடுத்தார். பிரதிகளை அழிக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குத் தப்பிய பிரதிகளால்தான் நாம் இன்று பார்க்கிறோம்.

இணையத்தில் இதற்குப் பல பிரதிகள் உண்டு. வண்ணச்சாயம் ஏற்றிய, செப்பனிட்ட பிரதியையே தேடி எடுங்கள். இரவுக் காட்சிகளைப் பகலில் படமாக்கி, நீலச் சாயம் ஏற்றித்தான் இரவாக மாற்றினார்கள். சாயமில்லாத பிரதியில் பேய் பட்டப்பகலில் சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு ஊருக்குள் நடக்கும். பயத்துக்குப் பதில் சிரிப்புதான் வரும். இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்டோக்கரின் டிராகுலா பகலிலும் நடமாடுவான், வலிமைதான் குறைந்திருக்கும். வெயில் பட்டு அழிவது இந்தப் படம் சேர்த்த சரக்கு.

படி 3: நடு மாதத்துக்கு ஒரு குறுநாவல்

ஹென்றி ஜேம்ஸின் 'தி டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ' (1898) 24 அத்தியாயங்கள் கொண்டது. அக்டோபர் 7 முதல் இரவுக்கு இரண்டாகப் படித்தால் 18-இல் முடியும். அவருடைய வாக்கியங்கள் நீண்டு சுற்றி வரும்; இரண்டுக்கு மேல் முயன்றால் தலை வலிக்கும். கதை சொல்லும் ஆசிரியை வேலைக்குப் போகிற வீட்டில் நடமாடுவது பேயா, அவளுடைய மனப்பிரமையா என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். கதை கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் கணப்படுப்பைச் சுற்றித்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தில் பேய்க்கதைக்கு உரிய காலம் அதுதான், ஜப்பானிலோ கோடை.

புத்தகத்தை முடித்த பிறகே இதன் படமான 'தி இன்னசென்ட்ஸ்' (1961). தொடக்கத்தில் திரை வெறும் கறுப்பாக இருக்கும், ஒரு சிறுமியின் பாட்டு மட்டும் கேட்கும். தொலைக்காட்சி பழுது என்று நினைத்து எழுந்துவிட வேண்டாம்.

படி 4: சத்தத்தைப் பார்த்து நாள் குறியுங்கள்

ஷெர்லி ஜாக்ஸனின் 'தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' (1959) ஒன்பது அத்தியாயங்கள். 19 முதல் 27 வரை ஒன்பது இரவுகள். இதை மட்டும் விலை கொடுத்து வாங்க வேண்டும் அல்லது நூலகத்தில் தேட வேண்டும். அடுத்து ராபர்ட் வைஸின் 'தி ஹான்டிங்' (1963). இதே பெயரில் 1999-இல் வந்த படத்தைத் தவறி எடுத்துவிடாதீர்கள்.

வைஸ் பேயைக் கண்ணில் காட்டவே இல்லை. சுவரில் விழும் இடி, முனகல், மூச்சு விடுவது போல உள்ளே புடைக்கும் ஒரு கதவு, இவ்வளவுதான். ஆகவே வீடு அமைதியாக இருக்க வேண்டும். ஒரு வருடம் தீபாவளிக்கு முந்தின இரவு இதைப் போட்டேன். தெருவில் வெடித்த சரவெடிக்கும் படத்துச் சத்தத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை. பண்டிகை இந்த வாரத்தில் வந்தால் படத்தை இரண்டு நாள் தள்ளி வையுங்கள். அடைமழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது.

படி 5: அக்டோபர் 31

ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்' (1978), 91 நிமிடங்கள். குழந்தைகள் தூங்கிய பிறகு போடுங்கள். கதை நடப்பது இலையுதிர்காலத்தில், படமாக்கியது கலிபோர்னியாவின் வசந்தத்தில். பணம் குறைவு என்பதால் சாயம் பூசிய இலைகளைத் தெருவில் தூவி, காட்சி முடிந்ததும் பொறுக்கி வைத்து மறுபடி தூவினார்கள். கொலைகாரனின் முகமூடி, 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கேப்டன் கிர்க் முகமூடிக்கு வெள்ளை அடித்தது.

நவம்பர் பிறந்ததும் வேறெதையும் தொடங்க வேண்டாம், டிராகுலாவில் ஆறு நாள் பாக்கி இருக்கிறது. 6-ஆம் தேதி, சூரியன் மறைகிற நேரத்தில் துரத்தல் முடிகிறது. கடைசிப் பக்கங்களை அன்று மாலை ஜன்னலோரம் எடுத்து உட்காருங்கள். எழுத்து தெரிகிற வரை விளக்கைப் போட வேண்டாம்.