குடல் மாத்திரை சாப்பிடும் நாய்க்குக் கண்ணில் பீளை கட்டினால்

நாள்பட்ட பெருங்குடல் அழற்சிக்கு மருந்து போய்க்கொண்டிருக்கும் நாயின் கண்ணில் பீளை கட்டத் தொடங்கினால், முதல் வேலையாக மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அதில் சல்ஃபாசலசின் என்று இருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது.

இந்த மாத்திரை இரண்டு பொருள்கள் ஒட்டிய ஒன்று. பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள்தான் அதைப் பிரிக்கின்றன. ஒரு பாதி (மெசலமின்) குடலிலேயே தங்கி அழற்சியைத் தணிக்கும். மறுபாதியான சல்ஃபாபிரிடின் ரத்தத்தில் கலக்கும். கண்ணீர்ச் சுரப்பியைக் கெடுப்பதாகக் கருதப்படுவது இந்த மறுபாதி. சுரப்பி சோர்ந்தால் கண்ணீரின் நீர்ப்பகுதி குறைந்து, சளிப்பகுதி மட்டும் மிஞ்சும். வறண்ட கண் பார்வைக்கு ஈரமாகத் தெரிவது இதனால்தான். பீளை வழிகிறதே, கண் எப்படிக் காய்ந்திருக்கும் என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் சொட்டு போட்டுக்கொண்டே வாரக்கணக்கில் ஓட்டிவிடுவார்கள். சொட்டு விடும்போது கண் நனைவதால் இரண்டு நாள் தேறும், நிறுத்தியதும் பழையபடி ஆகும். இப்படி மாறி மாறி வந்தால் வறட்சியைச் சந்தேகியுங்கள்.

வீட்டில் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அறை விளக்கை அணைத்துவிட்டு, சிறிய டார்ச்சைக் கண்ணுக்குச் சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். நல்ல கருவிழியில் வெளிச்சம் கூர்மையான ஒரே புள்ளியாக மின்னும். வறண்ட கருவிழியில் அந்தப் புள்ளியின் ஓரம் கலைந்து, எண்ணெய் படிந்த கண்ணாடியில் விழுந்ததுபோல் இருக்கும். பிறகு பீளையை நனைத்த பஞ்சால் தொட்டு இழுங்கள். பசைபோல நூலாக நீண்டு, மஞ்சளோ பச்சையோ கலந்து வந்தால் அது வறட்சியின் பீளையாக இருக்கலாம். தண்ணீராக ஓடினால் காரணம் வேறாக இருக்கலாம். அடிக்கடி சிமிட்டுவது, முன்னங்காலால் கண்ணைத் தேய்ப்பது, வெள்ளை விழி சிவப்பது எல்லாம் கூட வரும். மாதக்கணக்கில் விட்டால் கருவிழிமேல் ரத்தக்குழாய்களும் பழுப்புப் படலமும் ஏறும். அந்தப் படலம் வந்த இடத்தில் பார்வை முழுதாகத் திரும்புவது அரிது.

உறுதி செய்வது கண்ணீரை அளக்கும் ஷிர்மர் சோதனை. 5 மி.மீ. அகலமுள்ள தாள் பட்டையின் நுனியை மடித்துக் கீழிமைக்குள் வைத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை மி.மீ. நனைகிறது என்று பார்ப்பார்கள். 15 அல்லது அதற்கு மேல் இருந்தால் பயமில்லை. 10 முதல் 14 வரை சந்தேகம். 10-க்குக் கீழே அறிகுறியும் இருந்தால் வறண்ட கண்தான். 5-க்குக் கீழே போனால் கடுமை. சோதனைக்குப் போகும் நாளில் சில மணி நேரம் முன்பிருந்தே செயற்கைக் கண்ணீர் விடாதீர்கள், அளவு பொய்யாக ஏறும். கண்ணை மரக்கவைக்கும் சொட்டுக்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகக் குறித்து வாங்குங்கள். சல்ஃபாசலசின் தொடங்கும் முன்பே ஒரு முறை அளந்து வைத்து, பிறகு மாதம் ஒரு முறை அளப்பதுதான் முறை. பலரும் விட்டுவிடும் இடமும் இதுதான். பக், ஷிட்சு, காக்கர் ஸ்பானியல், புல்டாக் போன்ற இனங்களுக்கு மாத்திரையே இல்லாமலும் கண் வறளும் என்பதால், தொடக்க அளவு இல்லாவிட்டால் பழி யார்மேல் என்று தெரியாது.

அளவு இறங்கியிருந்தால் அன்றே மருத்துவரிடம் பேசி மாத்திரையை மாற்றச் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்து நிறுத்தினால் சுரப்பி தேற வாய்ப்புண்டு. நாள் கடந்துவிட்டால் நிறுத்தினாலும் திரும்பாமல் போகலாம். சல்ஃபா பகுதி இல்லாத மெசலமின், ஓல்சலசின் இரண்டிலும் ஆபத்து குறைவு, ஆனாலும் கண்ணீரை அளந்துகொண்டே இருக்க வேண்டும். இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: இந்த வயிற்றுப்போக்கு பெருங்குடலிலிருந்துதானா? சிறுகுடல் நோய்க்கு இந்த மாத்திரையால் பெரிய பயன் இல்லை. பயனில்லாத மருந்துக்காகக் கண்ணை இழப்பது வீண்.

கண்ணுக்கான வைத்தியம் பொறுமை கேட்கும். 0.2 சதவீத சைக்ளோஸ்போரின் களிம்பு 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, சுமார் அரை சென்டிமீட்டர் நீளம். இரண்டு மூன்று நாளில் பலன் தெரியாது. பல வாரங்கள் ஆகும், அதுவரை செயற்கைக் கண்ணீர்தான் கருவிழியைக் காக்கும். அதை ஒரு நாளில் 4 முதல் 6 முறை விடுங்கள். அதற்கு மேல் விடுவதென்றால் பதனப்பொருள் சேர்க்காத வகையாகப் பாருங்கள். சைக்ளோஸ்போரின் கேட்காவிட்டால் மருத்துவர் டாக்ரோலிமஸுக்கு மாற்றலாம்.

மருந்து போடும் வரிசையில் தவறு நிறைய நடக்கும். பீளைமேல் களிம்பு வைத்தால் மருந்து பீளைக்குப் போகுமே தவிர கண்ணுக்குப் போகாது. வெதுவெதுப்பான 0.9 சதவீத உப்புநீரில் பஞ்சை நனைத்து, காய்ந்த பொருக்குமேல் ஒரு நிமிடம் வைத்து ஊறவிடுங்கள். பிய்த்து எடுத்தால் இமைத்தோல் கிழியும். மூக்குப் பக்கத்து மூலையிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள், ஒரு துடைப்புக்கு ஒரு பஞ்சு, மறு கண்ணுக்குப் புதியது. பிறகு நாயின் பின்பக்கமிருந்து தாடையை ஏந்தி, மருந்துக் கையைத் தலைமேல் ஊன்றி, மேலிமையைச் சற்று உயர்த்திச் சொட்டு விடுங்கள். எதிரே நின்று புட்டியை நீட்டினால் எந்த நாயும் பின்வாங்கும். சொட்டுக்குப் பின் 5 நிமிடம் விட்டுக் கடைசியாகக் களிம்பு. முதலில் களிம்பு பூசினால் அதன்மேல் விழும் சொட்டு வழுக்கி வெளியே போய்விடும்.

வீட்டில் கிடக்கும் மனிதக் கண்சொட்டை எடுத்து விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில் புண்ணும் இருந்தால், புண் உருகி ஆழமாகி ஓட்டையே விழலாம். ஃப்ளூரசின் சாயம் விட்டுப் புண் இல்லை என்று பார்த்த பிறகே ஸ்டீராய்டுச் சொட்டு. வயிற்றுக்காக ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் நாய்க்கு இன்னும் கவனம் தேவை. ஆனால் கண்ணைப் பார்த்துப் பயந்து அந்த மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள். உடல் தானே சுரக்கும் ஸ்டீராய்டு அடங்கியிருக்கும் என்பதால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ப்ரெட்னிசோலோனால் தாகமும் சிறுநீரும் கூடுவது சாதாரணம். கூடவே இரண்டு கண்ணும் வெள்ளையாக மங்கினால் சர்க்கரை நோயால் வந்த புரையாக இருக்கலாம், ரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கான மெட்ரோனிடசோல் கதையே வேறு. கண்மணி இடவலமாகவோ மேலும் கீழுமாகவோ துடித்து, தலை ஒருபக்கம் சாய்ந்து, நடை தள்ளாடினால் கோளாறு கண்ணில் இல்லை, மூளையில். அளவு அதிகமானாலோ, நாள் நீண்டாலோ, கல்லீரல் பலவீனமாக இருந்தாலோ வரும். அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே அழையுங்கள். நிறுத்தினால் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தேறும். என்ரோஃப்ளாக்சசின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக் கண்ணைக் கெடுக்கும் என்று படித்துவிட்டுச் சிலர் பதறுவார்கள். விழித்திரையைத் தாக்கும் அந்த எச்சரிக்கை பூனைகளுக்கானது.

கண்ணை இறுக மூடிக்கொண்டு திறக்கவே விடாவிட்டால், கருவிழி நீலம் பூத்தால், அதில் குழி தெரிந்தால், நாய் திடீரென்று சுவரில் மோதினால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. தேய்க்காமலிருக்கக் கழுத்தில் கூம்புப் பட்டை மாட்டி, எந்தக் களிம்பும் பூசாமல், மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.