ஜி.ஐ.எஸ். கற்க ஓர் ஏரி போதும்

ஜி.ஐ.எஸ். (இடம் சார்ந்த தகவல்களைக் கணினியில் வரைபடமாக்கி அலசும் முறை) கற்க வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "உங்கள் ஊர் ஏரி எது?" என்பதைத்தான். எங்கோ ஒரு நாட்டுத் தரவை வைத்துச் செய்த காணொளிகளை நான்கு மாதம் பார்த்தேன். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது தெரிந்தது, அவ்வளவே. எங்கள் ஏரிப் பாசனச் சங்கத்துப் பெரியவர் ஒருவர், "இப்போது எத்தனை ஏக்கரில் தண்ணீர் நிற்கிறது, சொல்லம்மா" என்று கேட்ட அன்றுதான் உண்மையில் கற்கத் தொடங்கினேன்.

இந்த வேலைக்கான கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் தளத்தில் கணக்குத் தொடங்கினால் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களும் இலவசம். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைக்கும். ஏரி நிறைந்திருக்கும் ஜனவரியில் ஒன்று, மே மாதத்தில் ஒன்று என இரண்டு படங்கள் எடுங்கள். ஒவ்வொரு வகை ஒளியையும் செயற்கைக்கோள் தனித்தனிப் பட்டையாகப் பதிவு செய்கிறது. அவற்றில் பச்சை ஒளிக்கான 3-ஆம் பட்டையும் அண்மை அகச்சிவப்புக்கான 8-ஆம் பட்டையும் போதும். தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும். செடியும் மண்ணும் திருப்பி அனுப்பும். கியூஜிஐஎஸ்-இல் படங்களைக் கொண்டு கணக்கிடும் கருவியான ராஸ்டர் கால்குலேட்டரில் 3-ஆம் பட்டையிலிருந்து 8-ஆம் பட்டையைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். விடை பூஜ்யத்துக்கு மேல் என்றால் பெரும்பாலும் தண்ணீர். ஏரியின் எல்லையை வரைந்து, அதற்குள் இருக்கும் தண்ணீர்ப் பிக்சல்களை, அதாவது படத்தின் சிறு சதுரங்களை, எண்ணுங்கள். ஒரு பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர். நூறு சேர்ந்தால் ஒரு ஹெக்டேர், ஏறத்தாழ 2.47 ஏக்கர்.

அளப்பதற்கு முன் ஆள்கூற்று முறையை, அதாவது படம் இடங்களை எந்த அலகில் குறிக்கிறது என்பதை, பாருங்கள். பாகையில் உள்ள படத்தை மீட்டர் என்று நினைத்து நான் சங்கத்துக்குத் தவறான கணக்கைக் கொடுத்து, மறுவாரம் போய்த் திருத்தினேன். மீட்டரில் அளக்க யூ.டி.எம். என்ற ஆள்கூற்று முறையைத் தேர்ந்தெடுங்கள். 78 பாகை தீர்க்கரேகைக்குக் கிழக்கே உள்ள நம் ஊர்களுக்கு அதன் 44 வடக்கு மண்டலம், மென்பொருளில் அதன் எண் 32644. கோயம்புத்தூர்ப் பக்கம் 43 வடக்கு, எண் 32643.

கை பழக, செம்பரம்பாக்கம் ஏரியின் 2018, 2019 கோடைப் படங்களை ஒப்பிடுங்கள். சென்னை தண்ணீருக்குத் தவித்த 2019 கண்ணெதிரே விரியும்.

பிறகு கரைமேல் நடங்கள். இதைத் தவிர்ப்பவரின் வரைபடத்தை நான் நம்பமாட்டேன். எங்கள் ஏரியின் வடகிழக்கு மூலையைக் கணினி தரை என்று காட்டியது. போய்ப் பார்த்தால் ஆகாயத்தாமரை, அதன் அடியில் இடுப்பளவு தண்ணீர். மே மாதப் படத்தில் காய்ந்த ஏரிப்படுகை நடுவே பச்சையாகத் தெரிந்த திட்டுகள் சீமைக்கருவேலம். எங்கிருந்து வெட்டத் தொடங்கலாம் என்று அந்தப் படத்தை வைத்தே சங்கத்தில் பேசினோம்.

கடைசியாக, மதகு, கலங்கல், வரத்துக்கால்வாய் எல்லாவற்றையும் தமிழில் பெயரிட்டுப் பெரிய தாளில் அச்சிட்டு, நீர் பாய்ச்சுகிறவரிடம் காட்டுங்கள். எங்கள் ஊர்க்காரர் வெகுநேரம் பார்த்துவிட்டுப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். வீட்டுமனைகளுக்கு அடியில் போய்விட்ட பழைய வரத்துக்கால்வாய் அது. எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் இல்லை. அன்றிரவே அதை வரைபடத்தில் தனி அடுக்காக, சிவப்பு நிறத்தில் வரைந்து சேர்த்தேன்.