லியோனில் பகல் விருந்தும் இரவு விளக்கும்: டிசம்பர் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

பிரெஞ்சுச் சமையலின் தலைநகரம் என்ற பெயரை லியோன் நெடுங்காலமாகப் பெற்றிருக்கிறது. ஆண்டுதோறும் டிசம்பர் 8ஆம் நாளையொட்டி அங்கே நடக்கும் ஒளித் திருவிழாவுக்கும் பெருங்கூட்டம் திரள்கிறது. இரண்டையும் ஒரே பயணத்தில் அனுபவிக்க எண்ணுகிறவர்களில் பலர், நல்லதொரு உணவகத்தில் இரவு எட்டு மணிக்கு மேசை பதிவு செய்துகொண்டு போய் இறங்குகிறார்கள். எட்டு மணிக்குத் தொடங்கும் பிரெஞ்சு விருந்து பதினொரு மணிக்கு முன் முடிவது அரிது. விளக்குக் காட்சிகளோ ஏறத்தாழ அதே நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடும். ஆகவே பெரிய விருந்தைப் பகலுக்கு வைத்துக்கொண்டு, இரவைத் தெருவுக்கு விட்டுவிடுவதே அறிவுடைய ஏற்பாடு. மற்ற முடிவுகளை எல்லாம் இதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

திருவிழா இப்போது பொதுவாக நான்கு இரவுகள் நடைபெறுகிறது. 8ஆம் தேதி அவற்றுள் கட்டாயம் இருக்கும். வெள்ளி, சனி இரவுகளில் நகர மையத்தில் கால் வைக்க இடம் இராது. மறுபுறம், நல்ல உணவகங்கள் பலவும் ஞாயிறும் திங்களும் அடைத்திருக்கும். சில சனிக்கிழமையும் திறப்பதில்லை. திருவிழாவின் தேதிகளையும் உணவகங்களின் விடுமுறை நாட்களையும் அருகருகே எழுதிவைத்துப் பார்த்தால், பெரும்பாலும் வியாழன் அல்லது வெள்ளி நண்பகல்தான் விருந்துக்கு மிஞ்சும். அந்த ஒரு வேளையை உறுதி செய்துகொண்ட பிறகே விடுதி அறை தேடுவது நல்லது. மையப் பகுதியின் அறைகள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும் என்பதால், பார்தியூ ரயில் நிலையத்தின் சுற்றுவட்டாரத்திலோ, மெட்ரோவின் ஏ வழித்தடத்தில் உள்ள வில்லர்பான் பகுதியிலோ தங்குவதால் குறையொன்றும் இல்லை. பாரிஸின் சார்ல் தெ கோல் விமான நிலையத்துக்குள்ளிருந்தே லியோனுக்கு நேரடி டி.ஜி.வி. அதிவேக ரயில் உண்டு; பயணம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். லியோனின் சொந்த விமான நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு ரோன் எக்ஸ்பிரஸ் டிராம் அரை மணி நேரத்தில் பார்தியூவை அடைந்துவிடும்.

எந்த உணவகம் என்பதற்கு முன், இந்த ஊரின் சமையல் யார் கையால் வளர்ந்தது என்று தெரிந்துகொண்டால் தேர்வு எளிதாகும். செல்வர் வீடுகளில் சமையல் வேலை பார்த்த பெண்கள் பின்னர் தாமே கடை திறந்தார்கள். அவர்களை ஊரார் ‘மேர்’, அதாவது அம்மா, என்று அழைத்தார்கள். அவர்களுள் பெரும்புகழ் பெற்றவர் ஊஜெனி பிராசியே. 1895இல் பிறந்த இவர் 1921இல் ருவாயால் தெருவில் தம் உணவகத்தைத் திறந்தார். 1933இல் அந்த உணவகத்துக்கும், ஊருக்கு வெளியே மலைக்கணவாயில் அவர் நடத்திய இன்னொன்றுக்குமாக உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிஷலின் வழிகாட்டியின் உச்சத் தகுதியாகிய மும்மூன்று நட்சத்திரங்களை ஒரே நேரத்தில் பெற்றார். பிற்காலத்தில் உலகெங்கும் பெயர் பெற்ற சமையற்கலைஞர் போல் போக்கூஸ் இளமையில் இவருடைய சமையலறையில் வேலை கற்றவர். ருவாயால் தெருவின் மேர் பிராசியே உணவகத்தை இப்போது மத்தியூ வியானே நடத்திவருகிறார். ஒரே ஒரு பெரிய விருந்துக்குத்தான் வசதி என்றால் என் பரிந்துரை இதுதான். அங்கிருந்து வெளியே வந்து சிறிது தூரம் நடந்தால், பெரிய விளக்குக் காட்சி நடக்கும் தெரோ சதுக்கத்தை அடைந்துவிடலாம் என்பதும் இதற்கு ஒரு காரணம். போக்கூஸின் உணவகம் நகருக்கு வடக்கே, சோன் ஆற்றங்கரையில் கொலோஞ்சு என்ற சிற்றூரில் இருக்கிறது. 1965 முதல் 2020 வரை மூன்று நட்சத்திரங்களைத் தாங்கிய அந்த இடத்துக்குப் போக ஆசை இருப்பது இயல்பே. ஆனால் திருவிழா நாளில் சாலைகள் அடைபட்டிருக்கும்போது போய்த் திரும்புவது எளிதன்று. அதைத் திருவிழாவுக்கு முந்தின நாளுக்கோ வேறொரு பருவத்துக்கோ ஒத்திப்போடலாம்.

இத்தகைய உணவகங்களில் வார நாட்களின் நண்பகலில் மட்டும் தரப்படும் குறுகிய மெனு ஒன்று பல இடங்களில் உண்டு. இரவு மெனுவைவிட அதன் விலை வெகுவாகக் குறைவு. சமைப்பவரும் சமையலறையும் அதே. மேசையை இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்னரே இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவின்போது கடன் அட்டை எண்ணைக் கேட்பார்கள். சொல்லாமல் வராமல் போனால் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் பிடித்துக்கொள்வார்கள். ஒவ்வாமையும் உணவுக் கட்டுப்பாடும் இருந்தால் அதே படிவத்தில் எழுதிவிட வேண்டும்.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் லியோன் சமையல் பன்றி இறைச்சியையும் உறுப்பு இறைச்சியையும் நம்பி வளர்ந்தது. வெஜிடேரியன் என்று மட்டும் சொன்னால் மீன் சாப்பிடுவோம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் அங்கே உண்டு. காய்கறிக்கு ஊற்றும் சாறுகூடக் கோழியோ கன்றோ கொதித்த நீரில் ஆகியிருக்கலாம். ‘ஜெ ந மான்ஜ் நி வியாந்த் நி புவாசோன்’, அதாவது இறைச்சியும் மீனும் உண்பதில்லை, என்று எழுத்தில் கொடுத்துவிட்டால் குழப்பம் இராது. முன்கூட்டியே அறிந்துகொண்ட பெரிய உணவகங்கள் சைவத்துக்கெனத் தனியே ஒரு வரிசையை அக்கறையோடு ஆக்கித் தருகின்றன. மேசையில் வந்து உட்கார்ந்த பிறகு சொன்னால் கிடைப்பது வெந்த காய்கறித் தட்டுதான். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் ‘பெஃப்’ என்பதோடு கன்றிறைச்சியாகிய ‘வோ’ என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பன்றிக்கு ‘போர்’.

டிசம்பரில் போகிறவருக்குத் தட்டில் கிடைக்கும் பேறு பெரிது. கருப்பு டிரஃபிள் காளானின் பருவம் அப்போதுதான் தொடங்கும். கடலிலிருந்து சான் ழாக் சிப்பி வரும். காட்டு மானும் முயலும் மெனுவில் இடம்பெறும். இவை எல்லாவற்றிலும் மேலாக, லியோனுக்கு வடகிழக்கே உள்ள பிரெஸ் பகுதியின் கோழி இருக்கிறது. நீலக் கால், வெள்ளை இறகு, சிவந்த கொண்டை என்று பிரெஞ்சுக் கொடியின் நிறங்களையே உடலில் கொண்டிருக்கும் இந்த இனத்துக்கு 1957 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. புல்வெளியில் மேயவிட்டு, மக்காச்சோளமும் பாலும் கொடுத்து வளர்க்கிறார்கள். கிறிஸ்துமஸை முன்னிட்டு டிசம்பரில் அந்தப் பகுதியின் ஊர்களில் கோழிப் போட்டிகள் நடப்பதால், சிறந்த பறவைகள் சந்தைக்கு வருவதும் அதே வாரங்களில்தான். தோலுக்கடியில் டிரஃபிள் வில்லைகளைச் செருகி, மெல்லக் கொதிக்கும் சாற்றில் வேகவைக்கும் ‘புலார்த் தெமி தெய்’ மேர்களின் காலத்திலிருந்தே இந்த ஊரின் தலைசிறந்த பண்டம். மெனுவில் அது இருந்தால் வேறு யோசனை வேண்டாம்.

மேசையில் நடந்துகொள்ள வேண்டிய முறை பலரும் அஞ்சும் அளவுக்குக் கடினமானதன்று. உள்ளே நுழைந்ததும் ‘போன்ஷூர்’ என்று வணக்கம் சொல்லாமல் வேறு பேச்சைத் தொடங்குவது அங்கே மரியாதைக் குறைவு. பரிமாறுபவரின் முகம் அதிலேயே மாறிவிடும். கத்தியும் முள்கரண்டியும் வரிசையாக வைத்திருந்தால் வெளிப்பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டு வந்தால் போதும். உண்டு முடித்ததும் இரண்டையும் தட்டில் இணையாக வைத்தால் எடுத்துக்கொண்டு போவார்கள். நாம் கேட்காமலே வரும் சிறு கடிகளுக்குத் தனி விலை இல்லை. இனிப்புக்கு முன் பாலாடைக்கட்டி வண்டி வரும். மூன்று நான்கு வகை கேட்பது வழக்கம், அவற்றுள் மென்மையான சான் மர்செலான் ஒன்றாக இருக்கட்டும். காபி இனிப்போடு வராது, அதற்குப் பின்னரே வரும். ஒயின் குடிக்காதவர் தயங்காமல் ‘உன் கராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் இலவசமாகவே வைப்பார்கள். பில்லை நாம் கேட்டால்தான் கொண்டுவருவார்கள். கேட்காமல் நீட்டுவதை விருந்தினரை விரட்டுவதாக நினைக்கும் ஊர் அது. சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியிருப்பதால் மேற்கொண்டு வைப்பது நம் விருப்பம். மிளகாய்ச் சாறு கேட்கும் ஆசையை மட்டும் இந்த ஒரு வேளைக்கு அடக்கிக்கொள்ளலாம்.

மற்ற வேளைகளுக்கு பூஷோன் எனப்படும் சிற்றுணவகங்கள் இருக்கின்றன. பட்டு நெசவாளர்களுக்கும் உழைப்பாளிகளுக்கும் சோறு போட்ட மரபில் வந்த கடைகள் இவை. மரப் பலகைச் சுவரும் கட்டம் போட்ட மேசைத்துணியுமாக நெருக்கி உட்காரவைத்து, 46 சென்டிலிட்டர் கொள்ளும் அடிகனத்த ‘போ’ புட்டியில் ஒயின் ஊற்றுவார்கள். பழைய லியோனின் முதன்மைத் தெருக்களில் பயணிகளுக்கென்றே அலங்கரித்து வைத்தவையும் நிறைய உண்டு. வாசலில் நின்று ஆள் பிடிக்கும் கடையைக் கடந்துபோய்விட வேண்டும். ‘லே பூஷோன் லியோனே’ என்ற தகுதிச் சான்று ஒட்டியிருக்கும் கடைகளை நம்பலாம். நன்னீர் மீனின் சதையை மாவும் முட்டையும் சேர்த்து அரைத்து உருட்டி, நண்டுவகைச் சாற்றில் உப்பவைத்த கனெல் முதல்முறை போகிறவருக்கு ஏற்றது. குடல் கறி விரும்பிகளுக்கு, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த மாட்டிரைப்பையாகிய ‘தப்லியே தெ சப்பர்’ இருக்கிறது. அந்துயெட் என்ற குடல் தொத்திறைச்சியின் வாடையைத் தாங்குவதற்கு மட்டும் சற்றுத் துணிவு வேண்டும். ‘செர்வெல் தெ கனூ’ என்ற பெயரில் மூளை என்ற சொல் இருப்பதைக் கண்டு சைவர்கள் விலக வேண்டாம். பூண்டும் பச்சிலையும் கலந்த புதுப் பாலாடைக்கட்டிதான் அது. முடிவில் இளஞ்சிவப்பு நிறச் சர்க்கரை பூசிய பாதாம் பரப்பிய பிரலீன் தார்த்.

காலை வேளையைப் பார்தியூவுக்கு அருகில் லஃபாயெத் சாலையில் இருக்கும் ஆல் தெ லியோன் உள்சந்தைக்கு ஒதுக்கலாம். 2006 முதல் அது போக்கூஸின் பெயரைத் தாங்கியிருக்கிறது. பாலாடைக்கட்டிக் கடைகளையும் தொத்திறைச்சிக் கடைகளையும் சுற்றிவிட்டு, ஞாயிறு முற்பகலில் உள்ளூர்க்காரர்களோடு நின்றபடி சிப்பி உண்ணலாம். பெரிய விருந்து உள்ள நாளில் மட்டும் அங்கே போகக் கூடாது. வெறும் வயிறு அங்கே தாக்குப்பிடிக்காது.

இனி இரவு. 1852இல் ஃபூர்வியேர் குன்றின் சிற்றாலய மாடத்தில் மாதாவின் பொன்முலாம் பூசிய சிலையை நிறுவ நகரம் ஏற்பாடு செய்தது. செப்டம்பர் 8 என்று குறித்திருந்த விழா, சோன் ஆற்று வெள்ளம் சிற்பியின் பட்டறைக்குள் புகுந்ததால் டிசம்பர் 8க்குத் தள்ளிப்போனது. அன்றும் புயல் மிரட்ட, விழாவை நிறுத்திவிடலாம் என்ற நிலை வந்தது. மாலையில் வானம் தெளியவே மக்கள் தாங்களாக ஜன்னல்தோறும் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பாரிஸ் தாக்குதல்களுக்குப் பின் 2015இல் பெரிய காட்சிகளை நகரம் கைவிட்டபோதுகூட அந்த ஜன்னல் விளக்குகளை ஏற்றினார்கள். ஆகவே கட்டடச் சுவர்களில் ஒளிப்படம் வீசும் பெரிய காட்சிகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது பாதி விழாவைப் பார்ப்பதாகும். 8ஆம் தேதியன்று ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அப்போதே புறப்பட்டுப் பழைய லியோனின் சந்துகளிலும் குருவா ரூஸ் குன்றின் சரிவுகளிலும் நடந்தால், வீட்டுக்காரர்கள் வரிவரியாகக் கோடிட்ட சிறு கண்ணாடிக் கிண்ணங்களில் திரியேற்றி ஜன்னல் விளிம்பில் அடுக்குவதைக் காணலாம். மார்கழி வருமுன்னரே கார்த்திகை அகல் வைக்கும் நம்மவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அன்று மாலை சான் ழான் பேராலயத்திலிருந்து குன்றுக்கு ஊர்வலமும் போகும்.

பெரிய காட்சிகளுக்குக் கட்டணம் இல்லை. தெரோ சதுக்கமும் சான் ழான் பேராலய முகப்பும் எல்லோரும் முதலில் ஓடும் இடங்கள் என்பதால், அவற்றைப் பத்து மணிக்கு மேல் வைத்துக்கொண்டு, முன்னிரவில் பூங்காக்களையும் சிறு சதுக்கங்களையும் பார்ப்பது நல்லது. கூட்டத்தை ஒருவழியாகத் திருப்பி விடுவார்கள்; வந்த தெருவிலேயே திரும்ப முடியாது என்பதை நினைவில் வைத்து, உடன்வந்தவர்கள் பிரிந்துபோனால் சந்திக்க மையத்துக்கு வெளியே ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நெரிசல் மிகும்போது சில மெட்ரோ நிலையங்களில் வண்டி நிற்காது. ரோன் ஆற்றுப் பாலத்தை நடந்தே கடந்து மறுகரை நிலையத்தில் ஏறினால் நேரம் மிச்சம். நுழைவிடங்களில் சோதனை இருப்பதால் பெரிய பை வேண்டாம். குளிர் உறைநிலையைத் தொட்டுவிடும் என்பதால், விருந்துக்கு அணிந்த மெல்லிய காலணியை அறையில் விட்டுவிட்டுக் கனத்த அடியுள்ளதற்கு மாறிக்கொள்ள வேண்டும். பகலில் மூன்று மணி நேரம் உண்டவருக்கு இரவில் வறுத்த கஷ்கொட்டையும் தெருவோரம் விற்கும் சூடான ஒயினோ சாக்லெட்டோ போதும். பெராஷ் நிலையத்தருகே கார்னோ சதுக்கத்தில் நடக்கும் கிறிஸ்துமஸ் சந்தையை மறுநாள் பகலில் பார்த்துக்கொள்ளலாம்.

குளிர் ஒவ்வாதவர்கள் ஜூன், ஜூலையில் போனால் ஃபூர்வியேர் குன்றின் ரோமானிய அரங்கங்களில் நடக்கும் இசை, நாடக இரவுகள் இருக்கின்றன. பகல் விருந்து, இரவு வெளிவாசல் என்ற ஏற்பாடு அதற்கும் பொருந்தும். ஆகஸ்டை மட்டும் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் பல உணவகங்கள் அப்போது வாரக்கணக்கில் விடுமுறை விட்டுவிடும்.

ஊர் திரும்பும்போது வாங்கத் தகுந்தவை பிரலீனும், பளபளக்கும் காகிதத்தில் விளிம்பு கத்தரித்துச் சுற்றி உள்ளே ஒரு வாசகத் துண்டும் வைத்த பப்பியோத் சாக்லெட்டும்தான். பின்னது கிறிஸ்துமஸ் காலத்துக்கே உரியது. சான் மர்செலான் போன்ற மென்மையான பாலாடைக்கட்டியை விமானக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் திரவமாகக் கருதி எடுத்துவிடக்கூடும். கடையிலேயே ‘சூ வீத்’ என்று சொல்லிக் காற்று நீக்கிக் கட்டித் தரச் சொல்லி, பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்து அனுப்பிவிட வேண்டும்.