கால்சிடோனி திராட்சைக் கொத்து: சேகரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திராட்சைக் கொத்துப் போல உருண்டை உருண்டையாகத் திரண்ட கால்சிடோனி என்னும் குவார்ட்ஸ் வகைக் கல்லின் மதிப்பு அதன் மேற்பரப்பில்தான் இருக்கிறது. சிலிக்கா கரைந்த நீர் பாறையின் குழிகளில் தங்க, மிக நுண்ணிய குவார்ட்ஸ் இழைகள் மையத்திலிருந்து வெளிநோக்கி வளர்ந்து உருவாக்கிய அந்த வளைவு ஒரு முறை சிதைந்தால் மீளாது. ஆகவே, மங்கலாகத் தெரிகிறது என்று மெருகேற்றும் எந்திரத்தில் இடுவதை மிகப் பெரிய தவறு என்பேன். மெழுகு போன்ற மெல்லிய மினுமினுப்பே இக்கல்லின் இயல்பு. எண்ணெய் பூசி நிறத்தை ஆழப்படுத்துவதும் வேண்டாம். நுண்துளைகளுக்குள் ஊறும் எண்ணெயை முழுமையாக வெளியேற்றுவது கடினம்.

அதே நுண்துளைகள் சாயத்தையும் எளிதில் உறிஞ்சிக்கொள்கின்றன. விரிசல்களிலும் உருண்டைகள் சந்திக்கும் இடுக்குகளிலும் நிறம் அடர்ந்து தேங்கியிருந்தால் ஐயுற வேண்டும். அசிட்டோன் தோய்த்த பஞ்சில் நிறம் ஒட்டாவிட்டால் கல் இயற்கையானது என்று முடிவு கட்டுவதும் பிழையே; உலோக உப்புகளால் ஏற்றிய நிறம் அசிட்டோனுக்கு அசையாது. இந்தோனேசியாவின் மேற்கு சுலவேசியில், மமுஜு பகுதியில் கிடைக்கும் புகழ்பெற்ற ஊதாக் கொத்துகளில் உருண்டைக்கு உருண்டை சாயல் மாறுவது உண்டு. எல்லாம் ஒரே சீராகப் பளிச்சென்றிருந்தால் மறுமுறை பார்ப்பது நல்லது.

உடைந்த உருண்டைகளைப் பசையால் ஒட்டி விற்பதும் உண்டு. புற ஊதா விளக்கில் பல பசைகள் நீலவெண்மையாக ஒளிரும். ஆனால் ஒளிர்வதெல்லாம் பசையன்று: யுரேனியம் மிகச் சிறிதளவு கலந்த கால்சிடோனி, குறிப்பாகக் குறுகிய அலைநீளப் புற ஊதாவில், தானாகவே பச்சையாக ஒளிரும்.

வடிவத்தை மட்டும் கண்டு பெயரிடக் கூடாது. ஸ்மித்சோனைட், ஃபுளோரைட் ஆகிய வேறு கனிமங்களும் இதே கொத்து வடிவில் வளர்வதுண்டு. மோஸ் அளவுகோலில் கால்சிடோனியின் கடினத்தன்மை 6.5 முதல் 7 வரை, மற்ற இரண்டுக்கும் ஏறத்தாழ 4. எஃகு முனையால் கீறிப் பார்ப்பதானால், கண்ணில் படாத அடிப்புறத்தில் பாருங்கள். ஸ்மித்சோனைட்டின் அடர்த்தி சுமார் 4.4, கால்சிடோனியின் அடர்த்தி சுமார் 2.6 என்பதால், கையில் எடுத்த கனமே பல வேளைகளில் போதும்.

துரு நிறக் கறையை நீக்க ஆக்சாலிக் அமிலம் பயன்படுகிறது. அது நஞ்சு என்பதை மறப்பதும், அமிலம் துளைகளில் தங்கிவிடுமாறு அவசரமாகக் கழுவி முடிப்பதும் அடிக்கடி நிகழ்பவை. பல முறை நீர் மாற்றி ஊற வைக்க வேண்டும். வெந்நீரிலிருந்து குளிர்நீருக்கு மாற்றினால் கல் விரிசல் விடலாம். ஊதா மாதிரிகளை நேர் வெயிலில் நெடுங்காலம் வைத்தால் நிறம் மங்கக்கூடும்.

கிடைத்த இடம் குறித்த சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். அடிப்புறத்தில் சிறு எண் ஒன்றிட்டு, அதே எண்ணைச் சீட்டிலும் பதிவேட்டிலும் எழுதி வையுங்கள்.