பிள்ளைகளிடம் ஜனநாயகம் பேசும்போது நாம் செய்யும் தவறுகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய நம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தேர்தல் வந்தால் தமிழும் மலையாளமும் கலந்துதான் பிரசாரம் நடக்கும். பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்குவதும் அப்போதுதான். "நிறையப் பேர் எதைக் கேட்கிறார்களோ அது நடக்கும், அதுதான் ஜனநாயகம்" என்று பதில் சொல்லி முடித்துவிடுகிறோம். நாம் செய்வதிலேயே பெரிய தவறு இது.

நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஐந்து பேர் தமிழ்ப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி இங்கே தமிழ் பேசக் கூடாது என்று ஓட்டெடுத்து, முப்பத்தைந்து கை உயர்ந்தால் அது சரியாகிவிடுமா? ஏழு வயதுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். "அது எப்படி?" என்று உடனே சண்டைக்கு வரும். அந்தக் கோபத்தை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். தன் மொழியைக் காத்துக்கொள்வது அடிப்படை உரிமை என்று அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சொல்வதை அப்போது சொன்னால் பிள்ளைக்குப் புரியும். மொழிவாரி மாநிலங்கள் பிரிந்த 1956இல் 350ஏ பிரிவும் சேர்ந்தது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது அது. எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்ட நம் வீட்டுக் கதை இது. இதைக்கூடச் சொல்லாமல் வேறு எதைச் சொல்லப்போகிறோம்?

சாதியைப் பற்றிச் சின்னப் பிள்ளையிடம் பேசக் கூடாது என்று நினைப்பதும் தவறு. யார் திண்ணையில் உட்காருகிறார்கள், யார் வாசலிலேயே நிற்கிறார்கள் என்பதைப் பிள்ளை ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. வைக்கத்தில் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கக்கூடச் சிலரை விடவில்லை, அதை எதிர்த்து 1924இல் போராட்டம் நடந்தது, ஈரோட்டிலிருந்து போன பெரியார் அதற்காகச் சிறையில் இருந்தார் என்று கதையாகச் சொல்லுங்கள். ஆண்டை மனப்பாடம் செய்யவைக்க வேண்டாம்.

அப்புறம், பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டுவிட்டு நாம் முன்பே முடிவு செய்ததைச் செய்வது. அதைவிடக் கேட்காமலே இருக்கலாம். எது உன் முடிவு, எது எங்கள் முடிவு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேரளத்தில் கிராமசபை வார்டு வாரியாகக் கூடுகிறது. நம் தெருக் குழாயும் விளக்கும்தான் அங்கே பேச்சு. பிள்ளைக்குச் சலிப்பாக இருக்கும் என்று வீட்டில் விட்டுப் போகாதீர்கள். கூட்டிப் போங்கள். திரும்பி வரும் வழியில், யார் பேசினார்கள், யார் பேசாமலே எழுந்து போனார்கள் என்று கேளுங்கள்.