வாயை மூடியிருந்தால் போதுமா? குரல் அறுவை சிகிச்சைக்குப் பின் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குரலைப் பெண்குரலாக உயர்த்தும் அறுவை முடிந்து, கேரள மருத்துவமனையில் மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது செவிலியர் சொன்ன முதல் வார்த்தை, "ஒந்நும் மிண்டருது, கேட்டோ." மிண்டுவது என்றால் மலையாளத்தில் பேசுவது. செங்கோட்டைக்காரிக்கு இது புரியாமல் போகாது. 1956 நவம்பர் வரை எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. இன்றும் புளியரை சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஆரியங்காவுதான். வார்த்தை புரிந்தது, அதன் அளவு புரியவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். பேச்சைத் தவிரத் தொண்டைக்கு எத்தனை வேலை இருக்கிறது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

எனக்குப் பிறகு எங்கள் பக்கத்துத் திருநங்கைகள் சிலர் இதே சிகிச்சைக்கு மலை இறங்கிப் போய் வந்தார்கள். எல்லோரும் என்னிடம் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்விகள், செய்ததும் ஏறக்குறைய ஒரே தவறுகள். ஆகவே எழுதிவைக்கிறேன். நான் மருத்துவர் அல்ல, தையல்கடைக்காரி. உங்களுக்கு அறுவை செய்தவர் சொன்னதும் நான் சொல்வதும் முரண்பட்டால் அவர் சொன்னதையே கேளுங்கள்.

முதலில் உள்ளே என்ன நடந்தது என்று தெரிய வேண்டும். வீணைத் தந்தியை மெட்டில் அழுத்தினால் அதிரும் நீளம் குறைந்து சுருதி ஏறுகிறது அல்லவா, அதே கணக்குதான். குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு குரல்நாண்களின் முன்பகுதியில் மேல்தோலை நீக்கி, இரண்டையும் சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். பின்பகுதி மட்டும் அதிர்கிறது. ஜெர்மன் மருத்துவர் வெண்ட்லர் 1990ஐ ஒட்டிச் சொன்ன முறை இது. எல்லாம் வாய் வழியாகவே நடக்கிறது. கழுத்தில் ஒரு கீறல்கூட இருக்காது. கழுத்துக்கு வெளியே கீறி, குருத்தெலும்புகளை நெருக்கிக் கட்டி நாண்களை இழுத்துப் பிடிக்கும் இன்னொரு முறையும் உண்டு. ஜப்பானின் இஷிக்கி 1974இல் வகுத்த குரல்வளை அறுவை வகைகளில் அது ஒன்று. கழுத்தில் துருத்தி நிற்கும் சங்கைச் செதுக்கிச் சிறிதாக்குவது இவை இரண்டிலும் சேராது, அதனால் குரல் ஏறாது. அதைச் செய்துகொண்டு ஆறு மாதம் குரல் மாறக் காத்திருந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். ஹார்மோன் மாத்திரையும் அப்படித்தான்: ஏற்கெனவே தடித்துவிட்ட நாணை ஈஸ்ட்ரோஜன் மெலிய வைக்காது.

வெளியே காயம் தெரியாததுதான் முதல் வம்பு. ஒன்றும் நடக்காதது போல எழுந்து நடமாடுகிறோம், வீட்டாரும் அப்படியே நம்புகிறார்கள். உள்ளே மயிரிழைத் தையல் ஒன்று, பச்சைப் புண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

என் தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் நாள் தென்காசியிலிருந்து அத்தை வந்தார். ஏழு வருடமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவர், நான் பேசக்கூடாத வாரமாகப் பார்த்து வந்து பேசச் சொன்னார். "ஒரே ஒரு வார்த்தை. அத்தை என்று சொல்லு, கேட்டுவிட்டுப் போகிறேன்." எப்படி மறுப்பது? சத்தமாகச் சொல்லாமல் கிசுகிசுத்தால் தொண்டைக்கு ஒன்றும் ஆகாது என்று, காற்றாக "அத்தை" என்றேன். அவர் அழுதார், நானும் அழுதேன். அழுகையும் தொண்டைக்கு ஆகாது.

கிசுகிசுப்பு பாதுகாப்பானது என்ற நம்பிக்கைதான் இந்தச் சிகிச்சையில் மிகப் பரவலான பிழை. கிசுகிசுக்கும்போது பலர் குரல்வளையைச் சுற்றியுள்ள தசைகளை இறுக்கி, குறுகிய இடைவெளியில் காற்றை அழுத்தித் தள்ளுகிறார்கள். புண் அங்கேதான் இருக்கிறது. மௌன நாட்களில் பேச்சு, கிசுகிசுப்பு, முனகல், 'உம்' கொட்டுவது எல்லாமே பேச்சுக் கணக்குதான். நம் ஊரில் ஒருவர் பேசும்போது 'உம்' கொட்டாமல் கேட்பது மரியாதைக் குறைவு. அதனால் இதுதான் மிகவும் கஷ்டம். தலையாட்டப் பழகுங்கள்.

மௌனம் எத்தனை நாள் என்பது மருத்துவருக்கு மருத்துவர் மாறும். பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரம். எனக்குப் பதினைந்து நாள் சொன்னார்கள். "அந்த அக்காவுக்கு ஒரு வாரம்தானே சொன்னார்கள்" என்று அடுத்தவர் கணக்கை எடுத்து உங்கள் தொண்டையில் போடாதீர்கள். தையல் போட்ட விதமும் நீளமும் ஒன்றாக இருக்காது.

சிலேட்டு வாங்கி வைத்திருந்தேன். கடையில் அது நன்றாகவே உதவியது. 'ரவிக்கை வெள்ளிக்கிழமை தயார்' என்று எழுதி நீட்டினால் வாடிக்கையாளர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். வீட்டில் உதவவில்லை. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. நான் 'வெந்நீர்' என்று எழுதிக் காட்ட, சிலேட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பையனைத் தேடிப் போய்விட்டார். அன்று மாலையே நாங்கள் கைதட்டலுக்கு மாறினோம். ஒரு தட்டு வெந்நீர், இரண்டு தட்டு இங்கே வா. எங்கள் கைதட்டலை ஊர் கேலிக்கென்றே வைத்திருக்கிறது. அந்தப் பதினைந்து நாளும் என் வீட்டில் அதுதான் பேச்சு. சிகிச்சைக்குப் போகுமுன்னே வீட்டில் யார் யாருக்கு எழுத்து தெரியும், யாருக்குக் காது மந்தம் என்று பார்த்துச் சைகைகளைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பேசாமலேயே தையலை இழுக்கும் காரியங்களுக்கு வருவோம். ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிப் பாருங்கள், தூக்கும் கணத்தில் தம் கட்டுகிறோம். தம் கட்டுவது என்பது இரண்டு குரல்நாண்களும் கதவுபோல அடித்து மூடிக்கொள்வதுதான். குடம், சிலிண்டர், அரிசி மூட்டை, பெட்டி எதுவும் சில வாரங்களுக்கு வேண்டாம். மலம் இறுகி முக்கினாலும் அதே கதவு அதே வேகத்தில் மூடுகிறது. வலி மாத்திரைகளில் சில மலத்தைக் கட்டும். பழமும் தண்ணீரும் போதாவிட்டால் மருத்துவரிடம் கேட்டு மருந்து வாங்குங்கள். வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்தவர்தான் நம்மில் அதிகம்.

அடுத்தது செருமல். அறுவைக்குப் பின் தொண்டையில் எதோ ஒட்டிக்கொண்டிருப்பது போலவே இருக்கும். அது பெரும்பாலும் வீக்கம், சளி அல்ல. செருமினால் வீக்கம் கூடும், கூடினால் மறுபடி செருமத் தோன்றும். ஒரு மிடறு தண்ணீரை விழுங்குங்கள்; தண்ணீர் இல்லாவிட்டால் எச்சிலை விழுங்குங்கள். தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து சத்தமில்லாமல் விடுங்கள்.

இருமலை வரவழைப்பது பெரும்பாலும் நம் அடுப்படிதான். நான் பின்கட்டில் படுத்திருந்தேன். அம்மா சாம்பாருக்கு மிளகாய் வற்றல் வறுத்தார். அந்த நெடி கதவிடுக்கில் நுழைந்ததும் இருமல் பிடித்தது; தலையணையை வாயில் அமுக்கிக்கொண்டு, ஒவ்வொரு இருமலுக்கும் ஒரு தையல் போகிறது என்று எண்ணிக்கொண்டே கிடந்தேன். மூன்று வாரத்துக்கு வறுப்பதை வீட்டில் நிறுத்துங்கள், அல்லது வறுக்கும்போது நீங்கள் தெருவுக்குப் போய்விடுங்கள். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்தி, பீடிப் புகை எல்லாம் ஒரே வகை. பிரானூர்ப் பக்கம் மர அறுவை மில்களில் வேலை செய்பவர் என்றால் மரத்தூள் பெரிய எதிரி. விடுப்பை நீட்டிக் கேளுங்கள். சாரல் காலத்தில் நாள் குறிப்பதையும் யோசியுங்கள். ஆனி, ஆடியில் குற்றாலக் காற்று வந்துவிட்டால் ஊரே இருமும், நீங்கள் மட்டும் தப்பிப்பது கஷ்டம்.

தேன், மிளகு, சித்தரத்தை, அதிமதுரம் என்று ஊரே வைத்தியம் சொல்ல வரும். ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும்: விழுங்கும் எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை. தொட்டால் அதற்குப் பெயர் புரையேறுவது. தேன் தொண்டைக்கு இதமாக இருக்கும், நாண்மேல் பூச்சாகப் படியாது. மிளகும் சித்தரத்தையும் காரம், இருமலைக் கிளப்பும். அதிமதுரத்தைத் தினமும் தின்றால் ரத்த அழுத்தம் ஏறக்கூடும். ஹார்மோன் மாத்திரைகளோடு அதைத் தானாகச் சேர்க்க வேண்டாம். ஆவி பிடிக்கலாம் என்று மருத்துவர் சொன்னால் வெறும் வெந்நீரில் பிடியுங்கள், தைலம் விடாமல்.

விழுங்கியது நாணைத் தொடாது. ஆனால் வயிற்றிலிருந்து மேலேறி வருவது தொடும். புளித்தேப்பமும் நெஞ்செரிச்சலும் இந்தப் புண்ணுக்கு ஆகவே ஆகாது. அதனால்தான் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எழுதித் தருகிறார்கள், "எனக்கு வயிறு எரியவில்லையே" என்று பாதியில் நிறுத்துபவர்களே அதிகம். எரிச்சல் தெரியாமலே அமிலம் குரல்வளை வரை வரும். பிரானூர் பார்டரில் இரவு பதினொரு மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு நேராகப் போய்ப் படுப்பது எங்கள் பக்கத்துச் சுகம். சில மாதம் தள்ளிவைக்கத்தான் வேண்டும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விடுங்கள், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வையுங்கள். ஊர் திரும்பும்போது மலைப்பாதை வளைவுகளில் பஸ்ஸில் வாந்தி வருபவராக இருந்தால் ரயிலில் வாருங்கள். புனலூரிலிருந்து செங்கோட்டைக்கு 2018இல் அகலப்பாதை திறந்துவிட்டார்கள்.

மௌனம் முடிந்த நாளை மடை திறந்த நாளாக எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. முதல் வாரத்தில் சிறிது நேரம், மெதுவாக, அமைதியான அறையில் பேச வேண்டும். பஸ்ஸிலும் சந்தையிலும் ஒலிபெருக்கி அலறும் கல்யாண வீட்டிலும் நம்மை அறியாமலே குரலை உயர்த்திவிடுவோம். அங்கெல்லாம் பேசாதிருப்பதே நல்லது. எனக்கு அறுவை நடந்தது பங்குனியில். சித்திரைப் பௌர்ணமிக்குக் கூவாகம் போகாமல் இருக்க முடியவில்லை. போனதுகூடத் தப்பில்லை. தாலி அறுத்த காலையில் எல்லோரும் மாரடித்து ஒப்பாரி வைத்தபோது நானும் வாய் திறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது குரல் காற்றாகப் போய்க்கொண்டிருந்தது. மருத்துவர் குழாய்க் கேமராவை விட்டுத் திரையில் காட்டினார்: தையல் தப்பித்திருந்தது, நாண்கள் சிவந்து வீங்கியிருந்தன. இன்னொரு வாரம் மௌனம்.

அந்தக் கேமராப் பரிசோதனைக்குத்தான் பலர் போவதில்லை. எல்லை தாண்டிப் போக வேண்டும், ஒரு நாள் கூலி போகும், குரலும் சுமாராக வருகிறது என்று விட்டுவிடுகிறார்கள். தையல் பிரிந்ததா, புண்மேல் சதை வளர்கிறதா என்பது காதால் கேட்டுத் தெரியாது.

குரலைத் தினமும் சோதிப்பது இன்னொரு வியாதி. பொதுவாக ஆண் பேச்சு 100 முதல் 130 ஹெர்ட்ஸ் அளவிலும் பெண் பேச்சு 180 முதல் 220 அளவிலும் இருக்கும் என்று படித்துவிட்டு, கைபேசிச் செயலியைத் திறந்துவைத்துக் காலையும் மாலையும் அளந்துகொண்டிருந்தேன். வீக்கம் இருக்கும் நாட்களில் நாண் கனத்துக் குரல் தாழ்ந்தும் கரகரத்தும்தான் வரும். வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அழைத்து "சார்" என்கிறார்களா "மேடம்" என்கிறார்களா என்று பார்த்ததும் உண்டு. ஆறாம் வாரத்தில் "சொல்லுங்கள் சார்" என்று கேட்டதும் அன்று இரவு சாப்பிடவில்லை. குரல் நிலைக்கு வர மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருடமும் ஆகும்.

அறுவை ஏற்றித் தருவது சுருதியை மட்டும். வாய்க்குள் ஒலி எங்கே ஒலிக்கிறது, வாக்கியம் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்பதெல்லாம் பயிற்சியில் வர வேண்டியவை. எனக்குப் பயிற்சி தந்தவர் மலையாளி, நல்லவர். தண்ணீருக்குள் ஸ்ட்ராவை விட்டுக் குமிழி விடும் பயிற்சிக்கு மொழி தேவைப்படவில்லை. பிறகு இரண்டு மாதம் மலையாள வாக்கியங்களையே சொல்லிப் பழகினேன். ஒருநாள் காய்கறிக்காரர் கேட்டார், "கொல்லத்திலிருந்தா வருகிறீர்கள் அம்மா?" 'அம்மா' என்றதில் மகிழ்ச்சிதான். ஆனாலும் வீட்டில் எந்த மொழியில் சண்டை போடுவீர்களோ அந்த மொழியில் பழகுங்கள்.

மிக முக்கியமானதைக் கடைசியில் சொல்கிறேன். மூச்சு விடச் சிரமமாக இருந்தாலோ, மூச்சை இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ மௌனத்தைத் தூக்கி எறிந்துவிட்டு 108ஐ அழையுங்கள். முதல் சில இரவுகளில் தனியாகப் படுக்காதீர்கள். பின்னாளில் வேறு எந்த அறுவைக்கு மயக்கம் கொடுத்தாலும், குரல்நாண் தைத்திருக்கிறது, வழி குறுகலானது என்று மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவர்கள் சிறிய அளவுக் குழாயைப் போடுவார்கள். வழக்கமான குழாயை அழுத்திப் போட்டால் தைத்த இடம் கிழியலாம். வேறு பெரிய அறுவைகள் பாக்கி இருந்தால் எதை முதலில் செய்வது என்று இரண்டு மருத்துவர்களிடமும் பேசி முடிவு செய்யுங்கள். குடல்வால் வலி வந்து மயங்கிக் கிடக்கும்போது நாம் சொல்ல முடியாது அல்லவா? நான் ஒரு சீட்டில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஆதார் அட்டையின் உறைக்குள் வைத்திருக்கிறேன்.

இழப்பும் உண்டு. அடிக்குரல் போய்விட்டது, சத்தமும் குறைந்துவிட்டது. கடை வாசலில் நின்று தெருமுனைப் பையனைக் கூப்பிட என்னால் முடியாது; மேசைமேல் ஒரு பித்தளை மணி வைத்திருக்கிறேன். கொல்லையில் இருக்கும் அம்மாவைக் கூப்பிட இப்போதும் இரண்டு தட்டுதான்.