சைட் வேர்ட்ஸ்: மனப்பாடம் இல்லாமல் கற்றுக்கொடுக்கும் முறை

ஆங்கிலம் வாசிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்குத் தி (the), ஆஃப் (of), வாஸ் (was), செட் (said), ஹேவ் (have) போன்ற சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வரும். எழுத்துக்கூட்டிக்கொண்டு நிற்காமல் பார்த்தவுடன் வாசிக்க வேண்டியவை என்பதால் இவற்றுக்கு சைட் வேர்ட்ஸ் என்று பெயர். அமெரிக்கக் கல்வியாளர் எட்வர்ட் டால்ச் 1936-இல் வெளியிட்ட 220 சொற்களின் பட்டியலை ஆசிரியர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

முன்பெல்லாம் நானும் அந்தச் சொற்களை அட்டைகளில் எழுதித் தினமும் காட்டிக்கொண்டே இருப்பேன். ஒரு குழந்தை 'செட்' அட்டையைத் தவறாமல் வாசிப்பாள். புத்தகத்தில் அதே சொல் வந்தால் திணறுவாள். அட்டையின் மடங்கிய மூலையை வைத்துத்தான் அடையாளம் கண்டிருக்கிறாள்! எழுத்துகளை அவள் பார்க்கவே இல்லை. அன்றிலிருந்து ஒலியில் தொடங்கி எழுத்துக்கு வருகிறேன்.

முதலில் பட்டியலைப் பிரியுங்கள். அண்ட், பிக், ரன், ஜம்ப் எல்லாம் டால்ச் பட்டியலில் இருப்பவைதான். ஆனால் எழுத்தொலி தெரிந்த பிள்ளை இவற்றைத் தானே கூட்டி வாசித்துவிடும். எழுத்து ஒன்று, ஒலி வேறு என்று வரும் சொற்களைத் தனியே எடுங்கள். வாரத்துக்கு மூன்று அல்லது நான்கு போதும்.

இனி 'செட்' பாடம். சொல்லை எழுதிக் காட்டாமல், வாயால் மட்டும் ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள். பிள்ளைகளும் திருப்பிச் சொல்லட்டும். எத்தனை ஒலி கேட்கிறது? ஸ், எ, ட் என மூன்று. ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் பலகையில் மூன்று கட்டங்கள் போடுங்கள். முதல் கட்டத்தில் எஸ், கடைசியில் டி. இவை இரண்டும் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒலிகள். நடுக்கட்டத்தில் எந்த எழுத்து வரும் என்று கேளுங்கள். பெரும்பாலும் 'இ' (e) என்பார்கள்; அது நல்ல ஊகம், பாராட்டுங்கள். பிறகு ஏ (a), ஐ (i) இரண்டையும் அந்த ஒரே கட்டத்துக்குள் எழுதி, மேலே சின்னதாக ஓர் இதயம் வரையுங்கள். நினைவில் வைக்க வேண்டிய இடம் அது மட்டும்தான். முழுச் சொல்லும் புதிர் இல்லை என்று தெரிந்ததும் பிள்ளைகள் முகத்தில் வரும் தெளிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

அடுத்து, ஒலியைச் சொல்லிக்கொண்டே மூன்று முறை எழுதட்டும். பலகையை அழித்துவிட்டு, பார்க்காமல் ஒருமுறை. உடனே அந்தச் சொல் வரும் சின்ன வாக்கியம் ஒன்றை வாசிக்கக் கொடுங்கள். சரி, பத்து நிமிடம் ஆகியிருக்கும். அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

ஒரே மாதிரி வரும் சொற்களைச் சேர்த்துக் கொடுத்தால் வேலை பாதியாகும்: ஹீ, ஷீ, வீ, மீ ஒரு கூட்டம், குட் (could), வுட் (would), ஷுட் (should) இன்னொரு கூட்டம். ஆனால் 'வாஸ்' (was), 'சா' (saw) இரண்டையும் ஒரே வாரத்தில் கொடுக்காதீர்கள். ஒன்றைத் திருப்பி எழுதினால் மற்றது என்பதால் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள்.

மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம் என்று அதே சொல்லை மறுபடி கேளுங்கள். ஒவ்வொரு முறையும் அட்டையை மாற்றுங்கள், அல்லது புதிய வாக்கியத்தில் காட்டுங்கள். தடுமாறும் பிள்ளைக்கு விடையைச் சொல்லிவிடாமல், கட்டங்களை மறுபடி போட்டு ஒலியிலிருந்து தொடங்குங்கள்.